பாட்டோடு அதன் மக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ரெகே பாட வரும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

ஒரு கிதாரையும் மடிக்கணினியையும் வைத்துக்கொண்டு வீட்டறையிலேயே பாட்டமைக்கிறவர்களுக்கு, அதிலும் ரெகே தாளத்தில் தமிழைப் பாடிப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு, இந்த மடலை எழுதுகிறேன். ரெகேயின் சாயல் நம் திரைப்பாடல்களுக்குள் வந்து பல காலம் ஆகிவிட்டது. பாப் மார்லியின் முகம் பனியன்களிலும் பைக் ஸ்டிக்கர்களிலும் ஊரெங்கும் திரிகிறது. பெரும்பாலும் அந்த முகத்துக்குப் பக்கத்தில் ஒரு கஞ்சா இலையும் இருக்கும். அந்த முகத்துக்கு ஒரு சமயம் உண்டு. அந்தச் சமயத்துக்காக அடிபட்டவர்களும் சிறை சென்றவர்களும் உண்டு. அவர்களைப் பற்றித்தான் நம்மிடையே பேச்சே இல்லை.

பிறருடைய பாட்டைப் பாடாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இசைக்கு யாரும் வேலி போட முடியாது, போடவும் கூடாது. ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தின் வழிபாட்டிலிருந்து பிறந்த பாட்டை நாம் எடுக்கும்போது அந்த மக்களையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பெயர், அவர்கள் பட்ட பாடு, அவர்களுக்குச் சேர வேண்டிய காசு, மரியாதை எல்லாம் அதில் அடக்கம். இதை உபதேசமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இப்படிச் செய்து காட்டிய ஒரு பாடகியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் ஷினேட் ஓ'கானர்.

ஷினேட் 1966இல் டப்ளினில் பிறந்தவர். பிரின்ஸ் எழுதிய 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' என்ற பாடலை அவர் 1990இல் பாடி வெளியிட்டார். மழித்த தலை, அகன்ற கண்கள், கன்னத்தில் வழிந்த கண்ணீர் என்று அந்தப் பாட்டின் காணொளி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பல நாடுகளில் அது முதலிடம் பிடித்தது. அதே மாதிரி இன்னும் பத்துக் காதல் பாட்டுப் பாடியிருந்தால் போதும், வாழ்நாள் முழுவதும் குறையில்லாமல் இருந்திருக்கலாம். பாட்டுக் கம்பெனிகள் விரும்புவதும் அதைத்தான்.

அவருடைய மனம் அங்கே இல்லை. தாயிடம் அடிவாங்கி வளர்ந்த பிள்ளை அவர். பதின்வயதில் டப்ளினின் டிரம்காண்ட்ராவில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் இல்லத்தில் ஒன்றரை ஆண்டுபோல் வைக்கப்பட்டிருந்தார். 'மாக்தலீன்' சலவைக்கூடம் என்ற பெயரில் பெண்களை அடைத்து வேலை வாங்கிய வளாகம் அது. கத்தோலிக்கத் திருச்சபை என்ற நிறுவனத்தின் முகத்தை அவர் சிறு வயதிலேயே பார்த்துவிட்டார். ஆனால் கடவுள்மீது அவருக்கு இருந்த பிரியம் போகவில்லை. அந்தக் கடவுளைத் திருச்சபைக்கு வெளியே எங்கே தேடுவது என்ற கேள்வியோடு அலைந்தவருக்கு, ஜமைக்காவின் ராஸ்தாஃபாரி சமய மக்களின் பாடல்களில் ஒரு வழி கிடைத்தது.

1992 அக்டோபர் 3. நியூயார்க்கின் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற நேரலை நிகழ்ச்சியில் ஷினேட் பாட வந்தார். மைக்கில் சிவப்பு, பொன், பச்சை நிறத் துணி ஒன்று கட்டியிருந்தது. பக்கவாத்தியம் எதுவும் இல்லை. பாப் மார்லியின் 'வார்' பாடலைத் தனிக்குரலில் பாடினார். அதன் சில வரிகளை மாற்றி, குழந்தைகள்மீது நடக்கும் கொடுமைகளைப் பற்றியதாக ஆக்கிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் போப் இரண்டாம் ஜான் பாலின் புகைப்படத்தை எடுத்துக் கிழித்துப் போட்டார். அவருடைய தாயின் அறைச் சுவரில் தொங்கிய படம் அது என்று தம் தன்வரலாற்றில் பின்னாளில் எழுதினார்.

அதன் பிறகு நடந்ததைப் பலர் அறிவார்கள். அந்தத் தொலைக்காட்சி நிறுவனம் அவரை மறுபடி அழைக்கவே இல்லை. அவருடைய இசைத்தட்டுகளை நியூயார்க் சாலையில் குவித்து ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 16 அன்று, பாப் டிலனின் முப்பதாண்டு இசைவாழ்வைக் கொண்டாட மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு கச்சேரி. மேடையேறிய ஷினேடைப் பார்த்ததும் கூட்டத்தில் பெருங்கூச்சல் எழுந்தது. டிலனின் பாட்டு ஒன்றைப் பாட வந்தவர், வாத்தியக்காரர்களை நிறுத்தச் சொன்னார். அதே 'வார்' பாடலை மீண்டும் உரத்த குரலில் பாடிவிட்டு இறங்கிப் போனார்.

படம் கிழித்ததை உலகம் நினைவில் வைத்துக்கொண்டது. அவர் பாடிய பாட்டு எது, அது யாருடையது என்று கேட்டவர்கள் குறைவு. இந்த மடலில் உங்களை அந்தப் பாட்டின் பக்கம் திருப்பவே நினைக்கிறேன்.

'வார்' பாடலின் சொற்கள் மார்லியின் கற்பனையில் பிறந்தவை அல்ல. 1963 அக்டோபர் 4 அன்று, இதே நியூயார்க் நகரில், ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி ஆற்றிய உரையிலிருந்து பெரும்பாலும் எடுக்கப்பட்டவை. இனங்களுக்குள் உயர்வு தாழ்வு உண்டு என்ற எண்ணம் ஒழியும்வரை, ஒரே நாட்டில் முதல்தரக் குடிமகனும் இரண்டாந்தரக் குடிமகனும் இருக்கும்வரை, ஆப்பிரிக்காவில் அமைதி இராது என்பது அந்த உரையின் சாரம். மார்லி குழுவின் டிரம்ஸ் கலைஞர் கார்ல்டன் பாரெட், மார்லியின் நண்பரான கால்பந்து வீரர் ஆலன் கோல் ஆகிய இருவர் பெயரில் அந்தப் பாட்டு 1976இல் 'ராஸ்டாமான் வைப்ரேஷன்' தொகுப்பில் வெளியானது. ஓர் ஆப்பிரிக்க அரசர் நியூயார்க்கில் சொன்னது ஜமைக்காவின் கிங்ஸ்டன் போய்ப் பாட்டாகி, இருபத்தொன்பது ஆண்டு கழித்து ஓர் ஐரிஷ் பெண்ணின் குரலில் அதே நியூயார்க்குக்குத் திரும்பியது. ஷினேட் அன்று தம் கோபத்துக்கு வசதியான ஒரு பாட்டைத் தேடி எடுக்கவில்லை. அதிகாரத்தின் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியதை ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த ஒரு மரபின் வாயால் பேசினார்.

அந்த மரபு எங்கிருந்து வந்தது? 1930 நவம்பரில் ராஸ் தஃபாரி என்ற இளவரசர் ஹெய்லி செலாசி என்ற பட்டப்பெயரோடு எத்தியோப்பியாவில் முடிசூடினார். ஜமைக்கா அப்போது பிரிட்டிஷ் குடியேற்ற நாடு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே கரும்புத் தோட்டங்களிலும் கிங்ஸ்டன் சேரிகளிலும் வாழ்ந்தார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு கறுப்பினப் பேரரசர் முடிசூடிய செய்தி அவர்களில் சிலருக்கு விவிலிய வாக்கு நிறைவேறியதாகப் பட்டது. கறுப்பின மக்கள் தலைநிமிர வேண்டும், ஆப்பிரிக்காவை நோக்கித் திரும்ப வேண்டும் என்று ஜமைக்கத் தலைவர் மார்கஸ் கார்வி அதற்கு முன்பே பேசியிருந்தார். செலாசியே நம் அரசர், நம் தெய்வம் என்று வெளிப்படையாகப் பிரசங்கித்த முன்னோடிகளில் ஒருவர் லியனார்ட் ஹோவெல். பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசம் வேண்டாம் என்று அவர் சொன்னதை அரசு பொறுக்கவில்லை. 1934இல் அரசத் துரோக வழக்குப் போட்டு இரண்டாண்டுச் சிறைக்கு அனுப்பியது. அவர் பின்னர் உருவாக்கிய 'பினக்கிள்' என்ற குடியிருப்பைப் போலீசார் மீண்டும் மீண்டும் புகுந்து சூறையாடினார்கள்.

1962 ஆகஸ்டில் ஜமைக்கா விடுதலை பெற்றது. ஆனால் செலாசியைத் தெய்வமாகக் கொண்ட ராஸ்தாஃபாரிகளை, சுருக்கமாக ராஸ்தாக்களை, அந்த விடுதலை தொடவில்லை. மறு ஆண்டு ஏப்ரலில் மாண்டிகோ பே அருகே கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நிலத் தகராறை ஒட்டி ஒரு மோதல் நடந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அதைச் சாக்காக வைத்து அந்த வட்டாரம் முழுக்க ராஸ்தாக்களைப் போலீசும் ராணுவமும் வேட்டையாடின. பிடித்து அடைத்தார்கள், அடித்தார்கள், அவர்கள் நேர்ந்து வளர்த்த சடைமுடியை வெட்டி எறிந்தார்கள். செலாசி ஐக்கிய நாடுகள் சபையில் சமத்துவம் பேசிய அதே 1963இல்தான், அவரைத் தெய்வமாகக் கொண்டவர்களுக்குத் தங்கள் சொந்த நாட்டில் இது நடந்தது. ஜமைக்க அரசு இதற்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2017இல். பாப் மார்லியைக் காட்டிச் சுற்றுலாப் பயணிகளை அழைக்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகு.

தம்பி, தங்கைகளே, நீங்கள் கிதாரில் வெட்டி வெட்டி வாசிக்கிறீர்களே, அந்த எதிர்த்தட்டின் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. ராஸ்தாக்களின் கூட்டு வழிபாட்டில் மூன்று வகை முரசுகள் முழங்கும். ஒன்று கனத்த ஒலியில் அடி போடும். இரண்டாவது இதயத் துடிப்பாக இரட்டை அடியில் விடாமல் நடக்கும். மூன்றாவது அவற்றின்மேல் ஏறித் தன் விருப்பப்படி பேசும். இந்த மூன்றையும் சேர்த்து நையாபிங்கி முரசு என்று சொல்வார்கள். அந்த முரசைக் கவுண்ட் ஓசி என்ற கலைஞர் 1960 வாக்கிலேயே ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் கொண்டுவந்தார். பின்னாளில் வந்த ரெகே, அதன் நிதானத்தையும் தியானத் தன்மையையும் எடுத்துக்கொண்டது. ரெகேயின் பெயர்பெற்ற 'ஒன் டிராப்' தாளத்தில் முதல் தட்டு வெறுமையாக விடப்படும், கனமான அடி மூன்றாவது தட்டில் விழும். இடம் விட்டு வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ரெகே வராது. பாட்டு முழுக்க எதையாவது நிரப்பிக்கொண்டே இருக்கும் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு அது பெரிய பாடம்.

ஷினேடுக்கு இந்த மக்களின் சமயம் ஏன் அவ்வளவு நெருக்கமாகப் பட்டது என்பதையும் யோசிக்க வேண்டும். அயர்லாந்து ஆங்கிலேயரின் ஆதிக்கத்தில் நூற்றாண்டுகள் கிடந்த நாடு. அது ஒரு காரணம். அதைவிட ஆழமானது விவிலியம். எஜமானர்கள் கையில் கொடுத்த அதே விவிலியத்தை ராஸ்தாக்கள் எஜமானர்களுக்கு எதிராகப் படித்தார்கள். பாபிலோனில் சிறைப்பட்ட யூதர்களின் கதையைத் தங்கள் கதையாக எடுத்துக்கொண்டார்கள். அரசு, போலீஸ், பெருஞ்சபை என்று மனிதனை மிதிக்கும் எல்லாமே அவர்களுக்குப் பாபிலோன். கடவுள் அந்தப் பக்கம் இல்லை, மிதிபடுகிறவனின் நெஞ்சுக்குள் இருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. திருச்சபையிடம் காயப்பட்டும் கடவுளை விட முடியாத ஓர் ஐரிஷ் பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கடவுளையும் நிறுவனத்தையும் பிரித்துப் பார்க்கும் துணிவை அவர் இவர்களிடம் பெற்றார். குழந்தைகள்மீது நடந்த கொடுமைகளையும் அவற்றைச் சபை மூடி மறைத்ததையும் அயர்லாந்தின் அதிகாரபூர்வ விசாரணை அறிக்கைகள் 2009இல் பக்கம் பக்கமாக வெளியிட்டன. அவர் படத்தைக் கிழித்து அப்போது பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இப்போது 2005க்கு வருகிறேன். இந்த மடலை எழுதத் தூண்டிய ஆண்டு அதுதான்.

அந்த ஆண்டு ஷினேட் 'த்ரோ டவுன் யுவர் ஆர்ம்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டார். அதில் பன்னிரண்டு பாட்டு, பன்னிரண்டும் ரெகே. ஒன்றுகூட அவர் எழுதியதல்ல. ஐந்து பாட்டுகள் ஜமைக்கப் பாடகர் பர்னிங் ஸ்பியருடையவை. மற்றவை பீட்டர் டாஷ், அபிசினியன்ஸ், ஜூனியர் பைல்ஸ், லீ பெர்ரி, இஸ்ரேல் வைப்ரேஷன் போன்றவர்களின் மரபிலிருந்து வந்தவை. கடைசிப் பாட்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரைத் தெருவில் நிறுத்திய அதே 'வார்'. எல்லோருக்கும் தெரிந்த துள்ளல் பாட்டுகளை அவர் தேடவில்லை. மார்லியிடமிருந்து ஒரே ஒரு பாட்டைத்தான் எடுத்தார். ராஸ்தாக்கள் தங்கள் ஆன்மிகப் பாடல்களாக மதிப்பவையே அதில் பெரும்பாலானவை.

பதிவு எங்கே நடந்தது என்று பாருங்கள். லண்டனிலோ நியூயார்க்கிலோ நல்ல வாத்தியக்காரர்களை வைத்து முடித்திருக்கலாம். அவர் கிங்ஸ்டனுக்குப் போனார். மார்லி நிறுவிய டஃப் காங் கூடத்தில் பதிவு செய்தார். தயாரிப்பை ஸ்லை டன்பார், ராபி ஷேக்ஸ்பியர் இருவரிடம் ஒப்படைத்தார். டிரம்ஸும் பேஸ் கிதாருமாக ஜமைக்க இசையின் முதுகெலும்பாக விளங்கிய இணை அது. இருவரும் பீட்டர் டாஷின் குழுவில் வாசித்தவர்கள். பர்னிங் ஸ்பியரின் 1975ஆம் ஆண்டு 'மார்கஸ் கார்வி' தொகுப்பில் பேஸ் வாசித்தவர்களில் ராபியும் ஒருவர். ஷினேட் பாட விரும்பிய பாட்டுகள் பிறந்தபோது பக்கத்தில் இருந்தவர்களிடமே அவர் போய் நின்றார் என்று பொருள். தொகுப்பின் லாபத்தில் ஒரு பங்கை ஜமைக்காவின் முதிய ராஸ்தாக்களுக்கு என்று ஒதுக்கினார்.

தொகுப்பின் முதல் பாட்டு பக்கவாத்தியம் இல்லாத தனிக்குரலில் தொடங்குகிறது. அதே பாட்டை 'ராக்கர்ஸ்' என்ற ஜமைக்கத் திரைப்படத்தில் பர்னிங் ஸ்பியர் இரவில் கடலோரம் தனிக்குரலில் பாடுவார். ஷினேட் அதைத் தம் பாணிக்கு வளைக்கவில்லை. மூலப் பாட்டுகளை மாற்றாமல் அப்படியே பாடிவிட்டார், புதிதாக எதுவும் சேர்க்கவில்லை என்ற குறை அந்தத் தொகுப்பின்மீது சொல்லப்பட்டது. நான் அதையே அதன் சிறப்பாகக் கருதுகிறேன். உலகப் புகழ் பெற்ற ஒரு குரல், தன்னை முன்னால் நிறுத்தாமல் பாட்டை முன்னால் நிறுத்தியது. நம் இசையில் ஒரு பாடாந்தரத்தைக் குருவிடம் கேட்டு, முதலில் அப்படியே பாடிக் காட்டி, பிறகுதான் தங்கள் மனோதர்மத்துக்குப் போவார்கள். ஷினேட் அந்த முதற்படியில் நின்று காட்டினார்.

வேறு விதமாக நடந்ததையும் சொன்னால்தான் இதன் மதிப்புப் புரியும். 1974இல் இங்கிலாந்தின் ராக் கலைஞர் எரிக் கிளாப்டன் மார்லியின் 'ஐ ஷாட் த ஷெரிஃப்' பாடலைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். மார்லியின் பெயரைப் பரப்பியதில் அந்தப் பாட்டுக்குப் பங்குண்டு. ஆனால் அதே கிளாப்டன் 1976 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் மேடையில், குடியேறிய கறுப்பின மக்களுக்கு எதிராக வெறுப்பைக் கக்கினார். இங்கிலாந்தில் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' என்ற இயக்கம் உருவாக அந்தப் பேச்சே உடனடிக் காரணமானது. அவர் பின்னாளில் வருந்தினார் என்பதும் உண்மை. இருந்தாலும் ஒரு மக்களின் பாட்டை நாவிலும் அவர்கள்மீதான வெறுப்பை நெஞ்சிலும் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' நம் வீடுகளிலும் கேட்ட பாட்டு. போனி எம் குழு 1978இல் பாடியதைத்தான் நம்மில் பலர் அறிவோம். 1970இல் அதைப் பாடியவர்கள் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழுவினர். 137ஆம் சங்கீதத்தை எடுத்து, அதில் ஆண்டவர் வரும் இடத்தில் ஹெய்லி செலாசியைக் குறிக்கும் சொற்களை வைத்து, சிறைப்பட்ட தங்கள் மக்களின் புலம்பலாக்கியவர்கள் அவர்கள். போனி எம் பதிப்பில் செலாசியைக் குறிக்கும் சொற்கள் போய்விட்டன. நடனத்துக்கு ஏற்ற பாட்டு மட்டும் மிஞ்சியது. ஷினேடும் தம் 2007ஆம் ஆண்டு 'தியாலஜி' தொகுப்பில் அதைப் பாடினார். அந்தத் தொகுப்பின் பெரும்பகுதியைச் சங்கீதங்களையும் தீர்க்கதரிசிகளின் வாக்குகளையும் சுற்றியே அமைத்தார்.

2012இல் ராப் பாடகர் ஸ்னூப் டாக் ஜமைக்கா போனார். திரும்பி வந்து தம் பெயர் இனி ஸ்னூப் லயன் என்றார். தம்மை மார்லியின் மறுபிறவி என்றும் சொன்னார். மறு ஆண்டு 'ரீஇன்கார்னேட்டட்' என்ற ரெகே தொகுப்பும், அதே பெயரில் ஓர் ஆவணப்படமும் வந்தன. துப்பாக்கிக்கு எதிராக ஒரு பாட்டும் அதில் இருந்தது. அவருடைய மனமாற்றம் முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்தில் பங்கேற்றவரும் மார்லியோடு வெய்லர்ஸ் குழுவைத் தொடங்கியவருமான பன்னி வெய்லர், ராஸ்தாக்களின் அடையாளங்களை அவர் வணிகத்துக்குப் பயன்படுத்துகிறார் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். ராஸ்தாஃபாரி அமைப்பு ஒன்றும் அந்தச் சிங்கப் பெயரைக் கைவிடும்படி கேட்டது. சில ஆண்டுகளில் ஸ்னூப் பழைய பெயருக்கே திரும்பினார். 2018இல் கிறிஸ்தவ காஸ்பல் தொகுப்பு வெளியிட்டார்.

ஷினேடும் ஓரிடத்தில் நிற்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. 1999இல் ரோமின் ஆளுகைக்கு வெளியே இருந்த ஒரு கத்தோலிக்கப் பிரிவில் குருப்பட்டம் பெற்றார். 2018இல் இஸ்லாத்தைத் தழுவி ஷுஹதா என்று பெயர் வைத்துக்கொண்டார். 2023 ஜூலையில் தம் 56ஆம் வயதில் முஸ்லிமாகவே காலமானார். தேடுகிறவர்கள் இடம் மாறுவார்கள், அதில் பிழை ஒன்றும் இல்லை. ஸ்னூப்பிடம் நான் காணும் பிழையும் அவர் திரும்பிப் போனது அல்ல. வந்த அன்றே வாரிசு என்று அறிவித்துக்கொண்டதுதான். ஷினேட் ராஸ்தாக்களிடம் எந்தப் பட்டத்தையும் கேட்கவில்லை. அவர்களிடம் கற்றவள் என்ற இடமே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இன்னொன்றும் உங்களிடம் மறைக்கக் கூடாது. நேசிக்கும் சமயத்தைக் கண்மூடி வணங்க வேண்டும் என்பதில்லை. ஹெய்லி செலாசி எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். அவருடைய ஆட்சியில் வொல்லோ பகுதியில் பெரும் பஞ்சம் வந்தபோது அது உலகின் கண்ணிலிருந்து மறைக்கப்பட்டது. 1974இல் அவர் பதவியிழந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ராஸ்தா மரபின் பல பிரிவுகளில் பெண்ணுக்குக் கட்டுப்பாடுகள் அதிகம். தன்பாலின ஈர்ப்புள்ளவர்களைப் பற்றி ஜமைக்க மேடைகளில் மிகக் கொடிய பாட்டுகள் ஒலித்திருக்கின்றன. இவற்றை ஏற்க வேண்டியதில்லை, ஏற்கவும் கூடாது. அதற்குள்ளேயே ஜூடி மோவாட் போன்ற பாடகிகள் தங்கள் குரலில் பெண்களின் பாட்டைப் பாடினார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மதிப்பதும் கேள்வி கேட்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. தூரத்தில் நிற்கிறவர்கள் போற்றுவார்கள் அல்லது தூற்றுவார்கள். நெருங்கிக் கற்கிறவர்களுக்கே இரண்டும் சேர்ந்து வரும்.

நான் ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று உங்களுக்குப் புரியும். பறை நம் கண்முன்னால் இருக்கிறது. சாவு வீட்டில் அடிக்க வேண்டியவர்கள் என்று ஒரு சமூகத்தின்மீது சுமத்தி, அந்தக் கருவியையும் அதைத் தொட்டவர்களையும் தீட்டு என்று ஒதுக்கினோம். இன்று பறை மேடையேறியிருக்கிறது, படங்களில் அதிர்கிறது. அதைக் காப்பாற்றிக் கொடுத்த கலைஞர்களும் அதே மரியாதையோடு மேடையேறுகிறார்களா, அவர்கள் பெயர் சொல்லப்படுகிறதா என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பறைக்கு நாம் கேட்கும் நியாயத்தைக் கிங்ஸ்டனின் முரசுக்கும் கொடுக்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள்களைச் சொல்லிவிடுகிறேன்.

மார்லியோடு நிறுத்திவிடாதீர்கள். மார்லி பிறந்த அதே செயின்ட் ஆன் வட்டாரத்தில் பிறந்த பர்னிங் ஸ்பியரைக் கேளுங்கள். அபிசினியன்ஸ், கல்ச்சர், பீட்டர் டாஷ், ஜூடி மோவாட் என்று ஒவ்வொருவராகத் தேடிப் போங்கள். ஒரு பாட்டைப் பாட எடுத்தால், எழுதியவர் யார், வாசித்தவர்கள் யார் என்று தேடி, மேடையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பதிவு செய்து வெளியிட்டால் முறையான அனுமதி வாங்குங்கள், உரியவர்களுக்குப் பங்கு போய்ச் சேர வழி செய்யுங்கள். ஜமைக்காவின் எத்தனையோ மூத்த கலைஞர்கள் உலகம் பாடிய தங்கள் பாட்டுகளுக்குக் காசு பார்க்காமலே கண்மூடினார்கள்.

கஞ்சா இலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1845 முதல் 1917 வரை முப்பத்தாறாயிரம் பேர்போல இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கஞ்சாவும் அதைப் புகைக்கும் பழக்கமும் அவர்களோடுதான் அந்தத் தீவுக்குப் போயின என்பது ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி. ராஸ்தாக்கள் அதை வழிபாட்டுக்கும் கூடியிருந்து மறைநூல் பேசுவதற்கும் உரிய புனிதப் பொருளாகக் கொண்டார்கள். அதற்காகத் தலைமுறை தலைமுறையாகச் சிறை சென்றார்கள். வழிபாட்டில் அதைப் பயன்படுத்த ஜமைக்கச் சட்டம் இடங்கொடுத்தது 2015இல்தான். அப்படிப்பட்ட ஒன்றைப் போதைக்கான விளம்பரமாகப் பனியனில் போட்டுக்கொள்வது அவர்கள் பட்ட துன்பத்தை மிதிப்பதாகும். உங்கள் இசைத் தொகுப்பின் அட்டைப் படத்தில் அந்த இலை வேண்டாம். சடைமுடியையும் மூவண்ணத் தொப்பியையும் மேடைக்காக மாட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

பிறகு, உங்கள் ஊரின் பாபிலோன் எது என்று கண்டுபிடியுங்கள். இதை மிக முக்கியமாகச் சொல்கிறேன். 'வார்' பாடலை ஷினேட் தம் நாட்டுக் குழந்தைகளுக்காகத் திருப்பிப் பாடினார். ஜமைக்காவின் துயரத்தை நடித்துக் காட்டவில்லை. தம் மண்ணின் துயரத்தைச் சொல்ல அவர்களிடம் துணிவைக் கடன் வாங்கினார். நீங்களும் கிங்ஸ்டன் சேரியைப் பற்றிப் பாட வேண்டியதில்லை. கையால் மலம் அள்ள இறங்கி இறந்தவர்களைப் பற்றி, சாதியின் பெயரால் வெட்டப்பட்ட காதலர்களைப் பற்றி, தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளைப் பற்றிப் பாட ரெகேயின் நிதானமான தாளம் ஏற்றது. கோபத்தைக் கத்தாமல் சொல்லும் வித்தை அதற்குத் தெரியும். அப்படிப் பாடினால் விலை கொடுக்கவும் நேரலாம். ஷினேடின் வணிக வாழ்க்கை 1992க்குப் பிறகு பழைய உயரத்துக்குத் திரும்பவே இல்லை. ஆனாலும் தாம் செய்ததற்காக வருந்தவில்லை என்றே அவர் பின்னாளில் சொன்னார்.

யுனெஸ்கோ 2018 நவம்பரில் ஜமைக்காவின் ரெகேயை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மனித குலத்தினுடையது என்றால் நமக்கும் அதில் பங்குண்டு, பொறுப்பும் உண்டு. பர்னிங் ஸ்பியரின் 1975ஆம் ஆண்டுத் தொகுப்பையும் ஷினேடின் 2005ஆம் ஆண்டுத் தொகுப்பையும் இந்த வாரமே அடுத்தடுத்துக் கேளுங்கள். நண்பர்களோடு உட்கார்ந்து, அவர் எதை அப்படியே வைத்துக்கொண்டார், எங்கே தம் குரலின் ஈரத்தைச் சேர்த்தார் என்று பேசுங்கள். அதற்குப் பிறகு உங்கள் பாட்டை எழுதத் தொடங்குங்கள். அது நல்ல பாட்டாக வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை முதல் ஆளாக வரவேற்று எழுதவும் காத்திருக்கிறேன்.

தோழமையுடன்,
உங்கள் அண்ணன்